ரேடியேட்டரில் ஊற்றிய பசை

அன்று எங்கள் களத்தில் வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் ஆறு பேர். என் தகப்பனார், அவரை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். நான். என் தங்கை. அவள் புருஷன், அதாவது எங்கள் வீட்டு மாப்பிள்ளை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து வெடிக் கம்பெனி ஒன்றிலிருந்து லாரியைப் பார்க்க வந்திருந்த கணக்குப்பிள்ளை. எங்கள் ஊர் இரும்பு ஆசாரி. ஆறே பேர். ஏழாவதாக ஓர் ஆள் கிடையாது. பின்னால் ஆமத்தூர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "நானும் அங்கனதான் நின்னேன், என் கண்ணால பாத்தேன்" என்று கதை சொன்னவர்கள் அத்தனை பேரும் பொய்யர்கள். இந்த ஆறு என்ற கணக்கில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு.

நயா பைசா வந்த புதிது. லாரி என்று நான் சொல்வது, யுத்தத்துக்கு வந்து, யுத்தம் முடிந்ததும் கழித்துக் கட்டின பட்டாளத்து வண்டி. விருதுநகரில் ஒரு பருத்தி வியாபாரியின் கிட்டங்கிக்குப் பின்னால் நான்கு வருஷம் அசையாமல் நின்றிருந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் கோழி முட்டையிட்டிருந்தது. விலை இரண்டாயிரம் ரூபாய். அந்த இரண்டாயிரம் எங்கள் கிணற்றுப் பணம்.

எங்கள் கிணற்றில் அடியில் பாறை. சித்திரையில் குடம் அமிழாது. பாறைக்கு வேட்டு வைத்து இன்னும் இருபது அடி இறக்கினால் ஊற்று கிடைக்கும் என்று வெட்டுகிறவர்கள் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். அய்யா மூன்று வருஷப் பருத்திப் பணத்தை அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அந்த மூன்று வருஷமும் எங்கள் வீட்டில் யாருக்கும் புதுத் துணி கிடையாது, மாப்பிள்ளைக்குத் தவிர.

மாப்பிள்ளை சிவகாசிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பசை காய்ச்சும் கொட்டகைக்கு மேற்பார்வை. பத்துப் பன்னிரண்டு வெடிக் கம்பெனி முதலாளிகள் தன்னைத் தோளில் கை போட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லுவார். ஒரு பொங்கலுக்கு வந்தவர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டே அய்யாவிடம் ஆரம்பித்தார்.

"மாமா, கிணத்துக்குள்ள போட்ட பணம் கிணத்துக்குள்ளதான் கிடக்கும். அதை ஒரு லாரியில போடுங்க. தீவாளி சீசன்ல வெடிக் கம்பெனிக்கு லாரி கிடைக்காமத் தவிச்சுக்கிட்டிருக்கான். ஒரு சீசன் ஓடுச்சுன்னா ரெண்டு கிணறு வெட்டலாம்."

"எனக்கு இந்த மிசினு விவகாரம் ஒண்ணும் தெரியாது மாப்பிள்ளை."

"உங்களுக்கு எதுக்கு தெரியணும்? மச்சான் இருக்காரு. ஆர்டர் பிடிக்கிறது என் வேலை, வண்டியைப் பாத்துக்கிடுறது அவரு வேலை. பாதிப் பாதி."

மச்சான் என்று அவர் சொன்னது என்னை. எனக்குத் தெரிந்த யந்திரம் சைக்கிள். பக்கத்துத் தோட்டத்து ஆயில் எஞ்சினுக்கு இரண்டு மூன்று தடவை எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். நான் ஏழாங்கிளாஸில் கணக்கு வாத்தியார் போர்டுப் பக்கம் கூப்பிட்டதற்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவன். கதவைப் பூட்டினால் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பவன். என்னைப் போன்றவனிடம் எஞ்சினை ஒப்படைப்பது எவ்வளவு பெரிய கிறுக்குத்தனம் என்று எனக்கே தெரியும். அய்யாவுக்கும் தெரியும். ஆனால் கேட்டது மாப்பிள்ளை.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் பெண்ணைக் கொடுத்த வீடு மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தாது. உயர்த்தினால் அவர் பதிலுக்குக் குரலை உயர்த்த மாட்டார், பெண்ணை அனுப்பிவிடுவார். தலைப்பொங்கலுக்கு எடுத்த வேட்டியில் கரை சின்னதாகப் போய்விட்டது என்று என் தங்கையை டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றி விட்டவர் அவர். இரண்டு மாதம் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் தெருப் பெண்கள், "என்னடி, இன்னும் போகலையா?" என்று கேட்பார்கள். அகலக் கரை வேட்டி இரண்டும், ஒரு குடம் வெல்லமும் கொண்டுபோய்க் கொடுத்து, நான்தான் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவந்தேன். அன்றிலிருந்து அந்த மனிதர் முன்னால் எனக்கு வாய் பாதிதான் திறக்கும்.

லாரியை நாலு மாட்டைப் பூட்டி இழுத்து வந்து களத்தில் நிறுத்தினோம். விருதுநகர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு அறுநூறு ரூபாய் ஆகும் என்றார். எங்களிடம் அறுபது இருந்தது. அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மாப்பிள்ளை சொன்னார்: "அவன் கிடக்கான். மிசினை மனுசன்தானே செஞ்சான். பிரிச்சாத் தன்னால தெரியும்." சொல்லிவிட்டு மறுநாள் சிவகாசிக்குப் போய்விட்டார். பிரித்தவன் நான்.

கழற்றினதை மறுபடி எந்த ஓட்டையில் மாட்டுவது என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு ஒரு வழி பிடித்தேன். லேபிள் கோணலாக அச்சானது என்று கழித்துப் போட்ட காலித் தீப்பெட்டிகளை மாப்பிள்ளை ஒரு சாக்கில் கொண்டுவந்து போட்டிருந்தார், அடுப்புப் பற்றவைக்க. அதில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் எழுதி, கழற்றும் நட்டையும் போல்ட்டையும் அந்தந்தப் பெட்டியில் போட்டு மூடினேன். எஞ்சின் உடம்பில் அந்தந்த இடத்தில் சுண்ணாம்பால் அதே நம்பர். நாற்பத்தெட்டுப் பெட்டி. வரிசையாகக் கோணிச் சாக்கில் அடுக்கிவிட்டு, அது காற்றுக்குக் கலையுமோ, ஆடு மிதிக்குமோ என்று களத்தை விட்டு நகர மாட்டேன். தங்கை அப்போது சூலி. வளைகாப்புக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கஞ்சி கொண்டுவந்து கொடுக்கும்போது, "அண்ணே, நீங்க ரிப்பேரு பாக்கீகளா, தீப்பெட்டி ஏவாரம் பாக்கீகளா?" என்று கேட்பாள்.

ஆசாரி இல்லாவிட்டால் அந்தப் பெட்டிகள் அப்படியே கிடந்திருக்கும். கலப்பைக் கொழுவும் வண்டிப் பட்டாவும் அடிக்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன்; அவர் என்னைத் தம்பி என்பார். அவருக்கும் எஞ்சின் புதிது. ஆனால் இரும்பு அவருக்குப் பழசு. ஒரு துண்டைக் கையில் எடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், காதோடு வைத்துச் சுண்டிப் பார்ப்பார், "இது கீறியிருக்கு தம்பி" என்பார். கீறியிருக்கும். கூலி தினம் இவ்வளவு என்று பேசவில்லை. "முதல் லோடு ஏறட்டும், கணக்குப் பாத்துக் குடுங்க" என்றார். அவர் வந்த நாட்களை நான் நாற்பத்தொன்பதாவது தீப்பெட்டியின் முதுகில் கோடு போட்டு வைத்தேன்.

தப்பு செய்தவன் பெரும்பாலும் நான்தான். எஞ்சினுக்கு மூடி மாதிரி உட்காருகிற ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கட்டுக்கு மதுரையில் பழைய இரும்புக் கடையில் பதினாறு ரூபாய் கேட்டார்கள். வெடிக்குக் குழாய் சுற்றுகிற முரட்டு அட்டையில் அதே அளவுக்கு வெட்டி எண்ணெயில் ஊறவைத்து வைத்தேன். ஆசாரி உலையில் காய்ந்த இரும்பை அதன்மேல் வைத்துக் காட்டினார்; கருகிப் புகைந்தது. பதினாறு ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அதை வைத்து ஹெட்டை இறுக்கினேன். இறுக்கினதும் போதவில்லையோ என்று சந்தேகம். இன்னொரு சுற்று. வீட்டுக்குப் போய்க் கை கழுவி உட்கார்ந்தவன், எழுந்து வந்து இன்னும் ஒரு சுற்று. மூன்றாம் தடவை ஸ்பேனர் லேசாகிவிட்டது. ஹெட்டைப் பிடித்து நிற்கிற ஸ்டட் கம்பி ஒன்று உள்ளேயே ஒடிந்துவிட்டது.

அய்யா அப்போது களத்துக்கு வந்தார். "என்ன சத்தம்?"

நான் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். ஆசாரி தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "பழைய இரும்புய்யா, அதுவா விட்டுருச்சு. நான் வேற அடிச்சுத் தாரேன்."

மூன்று நாள். ஒடிந்த துண்டில் பொடி ஓட்டை போட்டு, சதுரக் கம்பியை அடித்து இறக்கி, கொஞ்சங்கொஞ்சமாகத் திருகி வெளியே எடுத்தார். புது ஸ்டட்டுக்கு விருதுநகர் போய் மரை போட்டு வந்தார். அந்த மூன்று நாளும் என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "இரும்பு பயந்தவனையும் தாங்கும் தம்பி. ஆனா ஒரு அளவுக்குத்தான்." அதற்கு மேல் கேலி இல்லை. அய்யாவிடம் கடைசிவரை காட்டிக்கொடுக்கவும் இல்லை.

வெடி ஏற்றுகிற லாரிக்குச் சைலன்சர் பின்னால் இருக்கக் கூடாது. புகையோடு ஒரு பொறி லோடில் விழுந்தால் ஊர் தாங்காது. ஆசாரி குழாயை வளைத்து முன்பக்கம் கொண்டுவந்தார். அதன் வாய்க்குக் கம்பி வலையில் ஒரு கூடு பின்னிப் போட்டார். அப்படி ஒரு நேர்த்தியான வேலையை அதன் பிறகு எந்த ஒர்க்ஷாப்பிலும் நான் பார்த்ததில்லை.

ஆவணியில் ஒரு நாள் ஹாண்டிலைச் சுற்றச் சுற்ற எஞ்சின் இருமி, துப்பி, பிடித்துக்கொண்டது. வேப்பமரத்துக் காக்கை அத்தனையும் எழும்பின. அய்யா வீட்டுக்குள்ளிருந்து வாயில் பல்குச்சியோடு ஓடிவந்து நின்றார். ஐந்து நிமிஷம் ஓடியது. நாற்பத்தெட்டுப் பெட்டியும் காலி. ஒரு நட்டுகூட மிச்சம் இல்லை. என் வாழ்க்கையில் எதற்கும் பயப்படாமல் நான் நின்ற ஐந்து நிமிஷம் அதுதான்.

மிச்சம் இருந்தது ரேடியேட்டர். நான்கு இடத்தில் ஒழுகியது. ஆசாரி ஈயம் பற்றவைத்து மூன்றை அடைத்துவிட்டார். நான்காவது உள்பக்கத்துக் குழாயில் இருந்தது. கால்மணிக்கு ஒரு சொட்டு.

"முழுசாக் கழட்டி உள்ளேயிருந்து வைக்கணும். ரெண்டு நாள் குடுங்க" என்றார் ஆசாரி.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்து இறங்கினார், நாளைக்குக் காலையில் கணக்குப்பிள்ளை வருகிறார் என்ற செய்தியோடு. வண்டியை அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் தீபாவளி வரைக்கும் விருதுநகர் கூட்ஸ் ஷெட்டுக்குப் போகிற லோடு அத்தனையும் நமக்கு. வெடியை ஏற்றிக்கொண்டு நடுவழியில் நிற்கிற வண்டி கம்பெனிக்கு வேண்டாம், அதனால் அரைமணி.

"ரெண்டு நாள் தள்ளி வரச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"சொல்லிட்டு? வேற வண்டிக்காரன் நாளைக்கே போயி நிப்பான். ஒரு சொட்டுக்கா மச்சான் இந்தப் பயம் பயப்படுறீக?"

ராத்திரிச் சாப்பாட்டில் அதே பேச்சு. லாரிக்காரர்கள் வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்பொடியைப் போட்டு அடைப்பார்களாம். "மஞ்சப்பொடிக்கே நிக்குமின்னா நம்ம பசைக்கு நிக்காதா? ஒட்டினா மரத்தையே பேத்துக்கிட்டு வருமே. கையோட கொண்டாந்திருக்கேன்."

தீப்பெட்டி ஆபீஸ் பசை என்றால் மைதா மாவில் காய்ச்சியது. அதில் மயில்துத்தம் கலப்பார்கள். எலியும் பூச்சியும் தின்னாமலிருக்க என்பார்கள். பசிக்கு வேலை செய்கிற பிள்ளைகள் வழித்துத் தின்னாமலிருக்கவும்தான். அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். இலேசாக நீலம் ஓடியிருக்கும். அந்த வாசத்தை ஒருதரம் முகர்ந்தவன் மறக்க மாட்டான்.

"வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன்.

ஒரு தடவைதான் சொன்னேன். இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். தங்கை எனக்கு எதிரே நின்று மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றையும் அந்த டிரங்குப் பெட்டியையும் நினைத்துக்கொண்டு, இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதை மோரோடு விழுங்கினேன்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பார்த்தேன். சொட்டு நின்றிருந்தது. கீழே மண் காய்ந்திருந்தது. ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்தேன், பெட்ரோலைப் பார்த்தேன், எண்ணெயைப் பார்த்தேன், பேட்டரி வயரை ஆட்டிப் பார்த்தேன். ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவில்லை. கை அதுவரை போனது. திறந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் ஏதாவது சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் நாலுதரம் பார்க்கிறவன், பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமல் திரும்பி வந்தேன். மாப்பிள்ளைமேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் ஒரு பங்கு என்றால், அந்தக் கைமேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் மூன்று பங்கு.

கணக்குப்பிள்ளை வந்தார். நாற்காலி போட்டோம். ஆசாரி ஹாண்டிலைச் சுற்றினார். இரண்டாம் சுற்றில் பிடித்தது. கணக்குப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. டிரைவரு யாரு?"

"அதெல்லாம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றார் மாப்பிள்ளை. "மொதல்ல கல்யாணம், அப்புறம் பொண்ணு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கணக்குப்பிள்ளையும் சிரித்தார். அய்யா கல்லில் உட்கார்ந்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு அது எஞ்சினாகத் தெரிந்திருக்காது, இருபது அடி கிணறாகத்தான் தெரிந்திருக்கும்.

பத்து நிமிஷத்தில் மூடியிலிருந்து இலேசாக ஆவி வந்தது. ஆசாரி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஆவி சீறியது. ஆசாரி, "நிப்பாட்டிருவோம் தம்பி" என்றார். மாப்பிள்ளை, "அரைமணி ஆகலைல்ல, ஓடட்டும்" என்றார். பிறகு கடகடவென்று உள்ளே கொதிக்கிற சத்தம். மூடி தெறித்து எழும்பி விழுந்தது. வெள்ளையும் நீலமுமாகக் கூழ் மாதிரி பொங்கி பானட் மேல் வழிந்தது.

வாசம் வந்தது. தண்ணீர் ஓடுகிற குழாய்களையெல்லாம் அடைத்துக்கொண்டு அடிப்பிடித்த மைதாப் பசை, துத்தக் காரம். ஆறு பேர் மூக்கிலும் ஏறியது. தீப்பெட்டியும் வெடியும் செய்கிற பூமியில் அந்த வாசம் தெரியாதவர் யார்? கணக்குப்பிள்ளை தினமும் அந்த வாசத்தில்தான் சோறு தின்கிறார். அய்யா முகம் மாறியது. தண்ணீர்க் குடத்தோடு நின்ற தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். ஆசாரி ஒரு விரலால் அந்தக் கூழைத் தொட்டு, தேய்த்துப் பார்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை மட்டும்தான் நிற்காமல் ஓடினார். "தண்ணி, தண்ணி" என்று தங்கை இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கி, கொதிக்கிற எஞ்சின்மேல் அப்படியே கவிழ்த்தார். ஆசாரி, "ஊத்தாதீக, ஊத்தாதீக" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். வந்து சேர்வதற்குள் டங்கென்று ஒரு சத்தம். ஹெட்டுக்குக் கீழே எஞ்சின் உடம்பில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அதிலிருந்து நீலத் தண்ணீர் கோடாக இறங்கியது. எஞ்சின் இரண்டு தரம் உதறி நின்றுவிட்டது.

உடம்பெல்லாம் ஆத்திரம், அதை யார்மேலாவது போட்டாக வேண்டும். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் வெறுங்கையோடு நின்ற தங்கையைப் பார்த்தேன். திரும்பினேன்.

"ஏலே ஆசாரி" என்றேன். அண்ணே என்று கூப்பிட்ட ஆளை. "ஈயம் பத்தவைக்கத் தெரியாத நாயி எதுக்குலே லாரியில கைய வச்ச? எங்க கிணத்துப் பணத்தை உடைச்சுப் போட்டியேலே. நீதாம்லே உடைச்ச."

இன்னும் சொன்னேன். எழுதக் கூசுகிறது, எழுதமாட்டேன்.

ஆசாரி என்னைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மற்ற ஒவ்வொருவரையும் வரிசையாகப் பார்த்தார், யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்பது போல. எல்லோருக்கும் தெரியும். நான் ஏன் இவரைத் திட்டுகிறேன் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெண்ணைக் கொடுத்தவன் வேறு என்ன செய்வான் என்று அத்தனை பேரும் எனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு நின்றார்கள். அவருக்காக ஒருத்தர் இல்லை. கணக்குப்பிள்ளை எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "கொழு அடிக்கிறவன்கிட்ட எஞ்சினைக் குடுத்தா இப்படித்தான்" என்றார். அந்த மனிதருக்கு அந்த வாசம் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

"சரி தம்பி" என்றார் ஆசாரி. சுத்தியலையும் அரத்தையும் சாக்கில் சுருட்டிக்கொண்டு போனார்.

லோடு வேறு வண்டிக்குப் போயிற்று. லாரியை எடைக்குப் போட்டோம். வந்த முந்நூற்றைம்பது ரூபாயில் பிரசவச் செலவு நடந்தது. கிணறு அப்படியே கிடந்தது. அடுத்த சித்திரையில் அய்யா குடத்துக்குப் பதில் செம்பில் மொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளையிடமும் கேட்கவில்லை. குழந்தைக்கு அரைஞாண் செய்து போட்டார்.

கணக்குப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. எஞ்சினை உடைத்த ஆசாரி என்று போகிற கம்பெனியிலெல்லாம் சொன்னார். அந்தக் கம்பி வலைக் கூட்டைப் பார்த்துவிட்டு இரண்டு லாரிக்காரர்கள் தங்களுக்கும் அதுபோல் செய்து தர ஆசாரியிடம் கேட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் வரவில்லை. மறு வருஷம் அவர் உலையைக் கலைத்துவிட்டுச் சிவகாசிக்குப் போய், ஓர் அச்சாபீஸில் மிஷினுக்கு எண்ணெய் போடுகிற வேலையில் சேர்ந்தார்.

நான் அவரைத் தேடிப் போக மூன்று வருஷம் ஆயிற்று. நாற்பத்தொன்பதாவது தீப்பெட்டியில் இருந்த கோடுகளைக் கூட்டி, கூலியை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன். அச்சாபீஸ் வாசலில் காலண்டர்த் தாள்களைக் கொடியில் உலரப் போட்டிருந்தார்கள். கையெல்லாம் மையோடு வெளியே வந்தார். நான் மடியிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"என்ன இது?"

"உங்க கூலி அண்ணே."

"உடைச்சவனுக்குக் கூலி உண்டா தம்பி? எந்த ஊருல?"

"அன்னைக்கு ஏதோ ஆத்திரத்தில..."

"ஆத்திரம் வரட்டும். வராத மனுசன் உண்டா. அது எங்க போயி இறங்குச்சுங்கிறதுதான் கேள்வி." துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு அங்கன எத்தனை பேரு இருந்தோம்?"

"ஆறு பேரு."

"அந்த ஆறு பேரும் அதே வேம்படியில நிக்கணும். நீங்க அங்கன வச்சு, உடைச்சது ஆசாரி இல்லைன்னு சொல்லணும். யாரு உடைச்சதுன்னுகூடச் சொல்ல வேண்டாம், உங்க வீட்டுச் சங்கதி அது. ஆசாரி இல்லைன்னு மட்டும். அன்னைக்கு நான் கையை நீட்டி வாங்கிக்கிடுதேன். இப்ப எடுத்துட்டுப் போங்க."

அப்போது ஆறு பேரும் உயிரோடு இருந்தோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், செய்திருக்கலாம். மாப்பிள்ளை வந்து நிற்பாரா, நின்று கோபித்துக்கொண்டால் என்ன ஆகும், தங்கைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் ஆயிற்றே என்று ஒவ்வொரு வருஷமும் யோசித்தேன். பொங்கலுக்குச் சொல்லலாம், ஆடிக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அப்படித் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அய்யா போய்விட்டார். ஆறு ஐந்தாயிற்று.

அய்யாவின் கருமாதி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு தங்கையிடம் இதைச் சொன்னேன். உனக்காகத்தான் வாயை மூடினேன் என்றேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"யாரைக் கேட்டு அண்ணே என்னைச் சாக்கா வச்சீக? நீங்க அவரைத் திட்டியிருந்தா நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து ரெண்டு மாசம் இருந்திருப்பேன். முன்னாடி இருக்கலையா? செத்தா போயிட்டேன்? அந்த ஆசாரி ஊரை விட்டுப் போனதுதான் போச்சு."

இத்தனை வருஷம் அந்த டிரங்குப் பெட்டியைத்தான் நான் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையும் அவள் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

கணக்குப்பிள்ளையும் இப்போது இல்லை. மாப்பிள்ளை இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். கல்யாண வீடுகளில், "எங்க மச்சான் ஒரு லாரி வாங்கிக் கெடுத்தாரே, அந்தக் கதை தெரியுமா?" என்று ஆரம்பித்து எல்லோரையும் சிரிக்க வைக்கிறார். அந்தக் கதையில் பசை வராது. ஆசாரி வருவார், எஞ்சினை உடைக்க. நான் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆறு பேரில் நான்கு பேர் மிச்சம். வேப்பமரமும் இல்லை. அவர் கேட்டபடி சொல்ல முடியாததால், இருக்கிறபடி இங்கே எழுதுகிறேன்: எஞ்சினை உடைத்தது ஆசாரி இல்லை. இதைப் படித்துவிட்டு அவர் கையை நீட்டுவார் என்று நான் நம்பவில்லை. காகித மடிப்பு அப்படியே இருக்கிறது.

அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி, நாற்பத்தாறு ரூபாய் எட்டணா.